போலாத்திக்கு என்ன அர்த்தம்

எண்பத்து மூன்றாம் ஆண்டு வைகாசியில் நடந்த ஒரு கலியாண வீட்டில்தான் அருட்பிரகாசம் முதன்முதலாகத் தன் பாட்டை நினைத்து வெட்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தெட்டு. குருநகரில் பிறந்து, குருநகரிலேயே கத்தரீனாவைக் கட்டி, குருநகர்க் கடலில் வலை போட்டுப் பிழைத்த மனுசன். கடலுக்குப் போகாத நாட்களில் பாடுவார். கலியாணம், முதல்நன்மை, கோயில் பெருநாள், புது வள்ளம் இறக்குவது, எதுவென்றாலும் சாப்பாடு முடிந்த கையோடு ஆட்கள் அவரைத்தான் தேடுவார்கள். கூட்டாளி யாகப்பு பொங்கோஸ் மேளத்தைத் தொடைக்கிடையில் வைத்துத் தட்டத் தொடங்க, அருட்பிரகாசம் பைலா ஆட்டப்பாட்டு ஒன்றை எடுத்து விட்டாரென்றால், வயிறு முட்டத் தின்ற கிழவர்களும் எழும்பி இடுப்பை அசைத்துப் பார்ப்பார்கள்.

அவர் பாட்டுப் பழகிய இடம் முல்லைத்தீவுக் கரை. சின்ன வயதில் தகப்பனோடு அங்கே மீன்பிடிக்கக் குடில் கட்டி வாடி போட்டிருந்தபோது, பக்கத்து வாடியில் நீர்கொழும்பிலிருந்து வந்த தொழிலாளர்கள் இருந்தார்கள். வலை காய்கிற நேரத்தில் அவர்கள் பாடுவார்கள். அவர்கள் பாடிய சிங்களம் அருட்பிரகாசத்துக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்கவில்லையே என்று அவர் கவலைப்பட்டதும் இல்லை. எங்கே இழுக்க வேண்டும், எங்கே வெட்ட வேண்டும், எந்த இடத்தில் மூச்சை அடக்கிவிட்டு ஒரேயடியாகக் கொட்ட வேண்டும் என்பதைக் காது பிடித்துக்கொண்டது. அவர்களும் இவருடைய தமிழ்ப் பாட்டை அப்படித்தான் கேட்டார்கள்.

சொந்தப் பாட்டு என்று அவரிடம் இருந்தது ஒன்றுதான். மகள் யசிந்தா மூன்று வயதில் சோற்றைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்வாள். ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்த தகப்பன் அவளுக்குப் பிராக்குக் காட்ட வாயில் வந்ததைப் பாடினார்:

சிங்கிறால் முங்கிறால் சீலாத்தி
சீனிப் பணியாரம்...

அடுத்த சொல்லுக்கு அவர் தடவிக்கொண்டிருக்க, பிள்ளை வாய்க்குள் சோற்றோடு "போலாத்தி!" என்று கத்தினாள். அது அப்படியே நின்றுவிட்டது. பிறகு நாலு வரி சேர்த்தார். அவையும் இதைவிடத் திறமில்லை. ஆனால் மெட்டு ஒரு மெட்டுத்தான். குருநகரில் தொடங்கிப் பாசையூர், நாவாந்துறை என்று கரையோரம் முழுக்கப் பரவி, யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் கடலை விற்கிறவனின் வாய்க்கும் வந்து சேர்ந்தது. ஆட்கள் அவரைப் போலாத்தி அருள் என்று கூப்பிட்டார்கள். அவருக்கு அதில் சந்தோசம்.

அந்த வைகாசிக் கலியாணத்தில் பெண், பட்டணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ரீச்சர். அவளோடு படிப்பிக்கிறவர்களும் வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் அளவெட்டியைச் சேர்ந்த சிவசுப்பிரமணியம் மாஸ்ரர். பட்டதாரி; தமிழ் படிப்பிக்கிறவர்; பத்திரிகைகளில் கவிதை எழுதுகிறவர். வெள்ளை வேட்டியோடு முன்வரிசைக் கதிரையில் இருந்தார். போலாத்தி தொடங்கியபோது அவருடைய கால் பெருவிரலும் மெல்லத் தாளம் போட்டது. அதை அருட்பிரகாசம் பாடிக்கொண்டே கண்டார். மாஸ்ரரும் அதைக் கண்டார் போலும். காலுக்கு மேல் காலைப் போட்டு அதை அடக்கிவிட்டார்.

பாட்டு முடிந்ததும் மாஸ்ரர் கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"உமக்கு நல்ல குரல் இருக்கு. ஏன் அதைக் கொண்டுபோய்க் குப்பையிலை கொட்டுறீர்?"

"விளங்கேல்லை மாஸ்ரர்."

"போலாத்தி எண்டால் என்ன?"

அருட்பிரகாசம் சிரித்தார். "சும்மாதான். வாயிலை வந்தது."

"சும்மா வந்ததுக்குச் சனம் சும்மா ஆடும். வேட்டியைத் தட்டிப்போட்டு வீட்டை போகும். பாட்டெண்டால் கேட்டவன் வீட்டை போயும் யோசிக்கவேணும்."

அருட்பிரகாசம் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "உங்கடை அளவெட்டியிலை நாதசுரம் ஊதேக்கை அதிலை சொல்லு ஒண்டும் இல்லைத்தானே, மாஸ்ரர்? சனம் இருந்து கேக்குதே."

"அதுக்குள்ளை கீர்த்தனை இருக்கு. ஊதுறவனுக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். ரசிக்கத் தெரிஞ்சவனுக்கும் தெரியும். தெரியாதவன் சும்மா தலையை ஆட்டிப்போட்டுப் போவான். நீர் தலையாட்டுறவங்களுக்கோ பாடப்போறீர் சாகும்வரைக்கும்?"

மாஸ்ரர் கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் உள்ளே போய்க் குத்தியது. மாஸ்ரருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை வெறுமையாகக் கிடந்தது. இரும் என்று அவர் சொல்லவில்லை. இவரும் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது கத்தரீனா வாய்விட்டுச் சிரித்தாள். "அந்தாளுக்கு ஆட ஆசை, ஏலாமல் கிடக்கு. அதுதான் வருத்தம்." அருட்பிரகாசம் சிரிக்கவில்லை. அடுத்த கலியாணத்தில் போலாத்தி பாடியபோது, பாட்டின் நடுவில் தன் குரலைத் தானே வெளியில் நின்று கேட்பதுபோல இருந்தது. பெரிய மனுசன் ஒருவன் மேடையேறி நின்று குழந்தைப் பிள்ளைபோல உளறுகிறான் என்று பட்டது.

அந்த ஆடியில் தெற்கில் தமிழர் வீடுகள் எரிந்தன. கப்பலில் வந்திறங்கிய சனத்தைக் கண்டபிறகு யாழ்ப்பாணத்தில் ஒருவருக்கும் ஆட மனம் வரவில்லை. மார்கழியில் ஒரு கலியாணத்துக்கு மணமகனின் தகப்பன் வற்புறுத்திக் கூப்பிட்டதால் போனார். இரண்டு வரி பாடுவதற்குள் இளந்தாரி ஒருவன் ஒலிவாங்கியைப் பறித்தான்.

"நாடு எரியுது. உமக்குச் சிங்களவன்ரை மெட்டிலை போலாத்தியோ?"

ஒருவரும் அவனைத் தடுக்கவில்லை. யாகப்புதான் மேளத்தைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, "வா மச்சான், போவம். பசி வந்தால் பாட்டும் வரும்" என்று இழுத்துக்கொண்டு வந்தான்.

பிறகு கடலுக்கும் தடை வந்தது. இன்ன நேரம் போகக்கூடாது, இவ்வளவு தூரத்துக்கு மேல் போகக்கூடாது என்றார்கள். போனவர்களை நேவி சுட்டது. எண்பத்தாறில் ஒரு விடியற்காலை யாகப்பு போன வள்ளத்தை வேறு ஆட்கள் இழுத்து வந்து கரையில் விட்டார்கள். வள்ளத்தில் வலை இருந்தது, ஆள் இல்லை. அருட்பிரகாசம் அதற்குப் பிறகு ஆழக் கடலுக்குப் போகவில்லை. கரையோரம் நின்று வீச்சுவலை எறிந்து கிடைத்ததை விற்றார்.

அந்த ஆண்டின் கடைசியில் சிவசுப்பிரமணியம் மாஸ்ரர் வீடு தேடி வந்தார். யாழ்ப்பாணம் அப்போது விடுதலை இயக்கத்தின் கையில். மாஸ்ரர் அவர்களுக்குப் பாட்டு எழுதுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தார்கள். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு உள்ளே வந்து, கத்தரீனா கொடுத்த தேத்தண்ணியை வாங்கி மிச்சமில்லாமல் குடித்தார். அவர் ஊரில், அவர் ஆட்களில், குருநகர் வீட்டில் கை நனைக்கிறவர்கள் குறைவு. அருட்பிரகாசம் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உமக்கு முந்தி ஒருக்கால் கடுமையாச் சொன்னனான். மனசிலை வைச்சிருக்காதையும்" என்றார் மாஸ்ரர். "உம்முடை மெட்டு சனத்தின்ரை வாயிலை கிடக்கு. அதை ஒருத்தராலையும் அழிக்கேலாது. மெட்டு உம்முடையதாவே இருக்கட்டும். சொல்லை நான் தாறன்."

சட்டைப் பையிலிருந்து எடுத்து வாசித்தார்:

கரையெல்லாம் கண்ணீர், எழு தோழி
கடலுக்கும் கோபம், எழு தோழி
விழுந்தவர் கனவைக் கையில் எடு
விடியலை நோக்கி அடியை எடு

"விடியல் எண்டால் விடுதலை. தோழி எண்டால் எங்கடை பொம்பிளைப் பிள்ளையள் எல்லாரும். கரையை முதல் வைச்சது உங்கடை ஆக்களுக்காக. விழுந்தவர் எண்டது உம்முடை சிநேகிதனையும் சேர்த்துத்தான்."

யாகப்புவுக்கு இப்படி ஒருவர் சொல் வைப்பார் என்று அருட்பிரகாசம் எதிர்பார்க்கவில்லை. ஓம் என்றார்.

பட்டணத்தில் ஒரு வீட்டு அறையில் யன்னல்களுக்குக் கம்பளி அடித்து ஒலிப்பதிவு நடந்தது. பொங்கோஸ் இல்லை, ஆர்மோனியமும் பெரிய மேளமும். துள்ளி நடந்த மெட்டை இழுத்து, அணிநடைபோல ஆக்கியிருந்தார்கள். அவருக்குக் கதிரை போட்டுச் சோடா உடைத்துக் கொடுத்தார்கள். பெடியள் "ஐயா" என்று மரியாதையாகக் கதைத்தார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். யாகப்புவை நினைத்தார், அது உண்மை. அந்தக் கதிரையையும் நினைத்தார், அதுவும் உண்மை. எழு, எடு என்று தான் யாரையோ கூப்பிடுகிறேன் என்ற நினைப்பு மட்டும் அவருக்கு வரவேயில்லை. அவருக்கு அது மேலே போய்ப் பிடிக்க வேண்டிய ஒரு சுரம்.

கசற் வெளிவந்தது. உறையில் "பாடியவர்: இசைக்கலைஞர் அருட்பிரகாசம்" என்று அச்சடித்திருந்தது. வீட்டில் போட்டுக் கேட்டார்கள்.

"நல்லாத்தான் கிடக்கு" என்றாள் கத்தரீனா. "ஆனால் உதுக்கு ஆடேலாது."

"ஆடுறதுக்கே பாட்டு? கேட்டு யோசிக்க வேண்டாமோ?"

"யோசிக்கிறதுக்கு எனக்கு வேறை விசயம் கிடக்கு" என்று அவள் குசினிக்குப் போய்விட்டாள்.

பதின்மூன்று வயது யசிந்தாதான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். கோயில் பாடகர் குழுவில் பாடுகிற பிள்ளை, தகப்பனின் தொண்டை. "அப்பா, விழுந்தவர் கனவு எண்டால் யாகப்பு மாமான்ரை கனவோ?" என்று கேட்டாள். அவர் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டு "ஓமோம்" என்றார். யாகப்புவின் கனவு இயந்திரம் பூட்டிய வள்ளம் ஒன்று வாங்குவது. அதை அவர் சொல்லவில்லை.

இந்திய ராணுவம் வந்து சண்டை தொடங்கியதும் அந்தக் கசற்றைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கிணற்றடியில் தாட்டார்கள். தொண்ணூறில் அவர்கள் போனபிறகு தோண்டி எடுத்தால், அது பாடியது. அதே ஆனியில் திரும்பவும் சண்டை. கோட்டையில் இருந்த ராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் நடுவில் அகப்பட்ட குருநகரில் குண்டு விழாத ஒழுங்கை இல்லை. கத்தரீனாவும் அருட்பிரகாசமும் யசிந்தாவும் ஒரு சைக்கிளில் ஏற்றக்கூடியதை ஏற்றிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனார்கள். அங்கே பரமலிங்கம் என்ற கமக்காரர் தன் புகையிலைக் கொட்டிலை ஒதுக்கிக் கொடுத்தார். கடலில் நின்ற மனுசன் தோட்டத்துக்கு இறைக்கவும் புகையிலைக் கன்றின் பக்க முளையைக் கிள்ளிக் கெட்டு முறிக்கவும் பழகினார். கொட்டிலில் படுத்தால் உடுப்பெல்லாம் புகையிலை நெடி.

மின்சாரம் இல்லாத காலம். ஆனாலும் பாட்டுக்குக் குறைவில்லை. இயக்கத்தின் வாகனம் நாளுக்கு இரண்டு தரம் கொட்டிலைத் தாண்டிப் போகும். அதன் தலையில் கட்டிய ஒலிபெருக்கியில் அருட்பிரகாசத்தின் குரல்: எழு தோழி, எழு தோழி. தோட்டத்தில் நிற்கிறவர்கள் நிமிர்ந்து பார்த்து, "அண்ணை, உங்கடை பாட்டுப் போகுது" என்பார்கள். முதல் கிழமை அவருக்குப் பெருமையாக இருந்தது. பிறகு அது காகம் கத்துவதுபோல ஆகிவிட்டது. வெங்காயம் கிண்டிக்கொண்டே அவரும் கூடச் சேர்ந்து முணுமுணுத்தார்.

ஐப்பசியில் ஒரு நாள் ரியூசனுக்குப் போன யசிந்தா திரும்பி வரவில்லை. கூடப் படிக்கிற பிள்ளை வந்து படலையில் நின்று அழுதாள். அவள் வாய் திறக்கும் முன்னமே கத்தரீனா நிலத்தில் இருந்துவிட்டாள்.

அருட்பிரகாசம் பரமலிங்கத்தின் சைக்கிளை வாங்கிக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனார். அச்சுவேலிக்கு அங்காலே ஒரு பெரிய வளவு, இயக்கத்துப் பெட்டையளின் முகாம். வாசலில் நின்ற பெட்டை, "ஆரைப் பாக்க வந்தனீங்கள் ஐயா?" என்று கேட்டாள். பெயரைச் சொன்னார். அவள் கண் விரிந்தது. "எழு தோழி பாடின ஐயாவோ?" உள்ளே ஓடினாள். இரண்டு மூன்று பெட்டையள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களுக்கும் யசிந்தாவின் வயதுதான். ஒருத்தி கதிரை கொண்டு வந்து போட்டாள். அவர் நின்றுகொண்டேயிருந்தார்.

யசிந்தா வந்தாள். தலைமயிரை வெட்டியிருந்தாள்.

"வா பிள்ளை, வீட்டை போவம். அம்மா சாப்பிடாமல் கிடக்கிறா."

"நான் வரேல்லை அப்பா."

"ஆரும் ஏதும் சொல்லி வெருட்டினவையோ?"

"ஒருத்தரும் வெருட்டேல்லை. உங்கடை பாட்டைக் கேட்டுத்தான் வந்தனான்."

"அது சும்மா பாட்டு, பிள்ளை."

அவள் முகம் மாறியது. "சும்மா பாட்டெண்டு சொல்லாதேங்கோ. எனக்கு ஒவ்வொரு சொல்லும் தெரியும். நாலு வருசமா யோசிச்சிருக்கிறன். யாகப்பு மாமான்ரை வள்ளம் வந்த அண்டைக்கு நீங்கள் அழுததையும் யோசிச்சனான். அதெல்லாத்தையும் நினைச்சுத்தானே நீங்கள் பாடினனீங்கள்?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். என்ன பொய் சொன்னால் அவள் வருவாள் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருப்பார். "இல்லைப் பிள்ளை" என்றார். "நான் மெட்டைத்தான் பாடினனான். சொல்லு மாஸ்ரரின்ரை. எனக்கு அது போலாத்தி மாதிரித்தான்."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பார்.

"அப்பிடியெண்டால் உங்களுக்குத்தான் விளங்கேல்லை, அப்பா" என்றாள். "எனக்கு விளங்கினது."

உள்ளே போய்விட்டாள். அருட்பிரகாசம் சண்டிலிப்பாய் வரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தார். ஏறி ஓடலாம் என்ற நினைப்பே வரவில்லை.

அடுத்த ஆடியில் ஆனையிறவில் பெரிய சண்டை. பெட்டிகள் வந்துகொண்டேயிருந்தன. யசிந்தாவின் பெட்டியைத் திறக்க வேண்டாம் என்றார்கள். கோயில் சேமக்காலைக்குக் கொண்டுபோய் அடக்கம் பண்ண விடவில்லை. மற்றப் பிள்ளைகளோடு ஒரே வரிசையில்தான் என்றார்கள். சுவாமி ஒருவர் வந்து செபம் சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னால் ஒரு பாடசாலை மண்டபத்தில் பெட்டியை வைத்துக் கூட்டம் நடந்தது. சிவசுப்பிரமணியம் மாஸ்ரர் பேசினார். கரையின் மகள் என்றார். தகப்பன் பாட்டில் விதைத்ததை மகள் வாழ்ந்து காட்டினாள் என்றார். பேசும்போது அவர் குரல் நடுங்கியது. அவர் நடிக்கவில்லை என்பது அருட்பிரகாசத்துக்குத் தெரிந்தது. நடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

பிறகு ஒருவன் குனிந்து காதுக்குள் கேட்டான். "ஐயா, நீங்கள் ஒருக்கால் பாடினால் சனத்துக்கு ஆறுதலா இருக்கும்."

ஏன் எழும்பினார் என்று அவருக்கே தெரியாது. ஒலிவாங்கியைக் கையில் தந்தார்கள். முதல் வரியில் குரல் உடைந்தது. இரண்டாவது வரிக்கு வர, வாழ்நாளெல்லாம் பழகிய தொண்டை தன்பாட்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. மண்டபம் பெரியது, கூரை உயரம், குரலைத் திருப்பித் தருகிற மண்டபம். "விடியலை நோக்கி" என்ற இடத்தில் மேலே போக வேண்டிய சுரம், ஒலிப்பதிவு அன்று கொஞ்சம் பிசகியிருந்தது. அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியும். அந்த மண்டபத்தில் அது அச்சாவாக, பிசகில்லாமல் வந்து இருந்தது. ஒரு கணம், மகளின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, அருட்பிரகாசத்துக்கு உள்ளுக்குள் இனித்தது.

அந்த இனிப்பைத்தான் அவர் பிறகு மன்னிக்கவில்லை. மாஸ்ரரைக்கூட ஒரு வழியாய் விளங்கிக்கொள்ளலாம். பாட்டைக் கேட்டு வந்த சனத்தை விளங்கிக்கொள்ளலாம். அந்தச் சொல்லெல்லாம் நெருப்பாய்ச் சுட வேண்டிய நேரத்தில், சொல்லை ஒதுக்கிவிட்டுச் சுரத்தை ருசித்த தன் நாக்கை அவரால் விளங்கிக்கொள்ள முடியவில்லை.

சனம் விம்மி அழுதது. எல்லாம் முடிந்து கொட்டிலுக்கு வந்தபிறகு கத்தரீனா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "நல்லாப் பாடினியள்" என்றாள். அதற்குப் பிறகு ஒரு காலத்திலும் அந்த நாளைப் பற்றி அவள் கதைக்கவில்லை. அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அவர் நினைத்தார். அவள் அவரோடு இருபது வருசம் இருந்தவள்.

அவர் பாடுவதை விட்டார். விட்டேன் என்று யாருக்கும் சொல்லவில்லை; கேட்டு வந்தவர்களிடம் தொண்டையில் வருத்தம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவார். பாடகர் குழு எழும்பினால் இவரும் எழும்பி வெளியே போய் மதிலடியில் நிற்பார். பாட்டு முடிய உள்ளே வருவார். பங்குச் சுவாமி ஒரு நாள் கேட்டார், "என்ன அருட்பிரகாசம், ஆண்டவரோடை கோபமோ?" என்று. "இல்லைச் சுவாமி, அவரோடை ஒண்டும் இல்லை" என்றார்.

தொண்ணூற்று மூன்றில் ஒரு சேதி காதில் விழுந்தது. சிவசுப்பிரமணியம் மாஸ்ரரின் ஒரே மகன் கனடாவில் இருக்கிறானாம். யசிந்தா இயக்கத்துக்குப் போன அதே ஆண்டு, அவளுக்கு முன்னமே போய்விட்டானாம். அடுத்த நாளே அருட்பிரகாசம் அளவெட்டிக்கு நடந்தார். போகும் வழியெல்லாம் சொல்லப் போவதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். படலையைத் திறந்தது மாஸ்ரரின் மனுசி மீனாம்பிகை. உள்ளே கூப்பிட்டுக் கதிரை போட்டார். மாஸ்ரர் வந்தார், தலை முழுக்க நரைத்திருந்தது.

"உங்கடை மகன் கனடாவிலையாம்."

"ஓம்."

"என்ரை பிள்ளையைக் கூப்பிட்ட சொல்லு, உங்கடை பிள்ளையைக் கூப்பிடேல்லையோ, மாஸ்ரர்?"

மாஸ்ரர் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் எழுதினதை அவன் ஒரு நாளும் வாசிச்சதில்லை. கேட்டதுமில்லை. உதெல்லாம் பெரிய பாரமாக் கிடக்கு அப்பா எண்டுவான். சின்னனிலை உம்முடை மற்றப் பாட்டைத்தான் நாள் முழுக்கப் பாடித் திரிவான். நான் அதுக்கு அடிச்சிருக்கிறன்."

அருட்பிரகாசம் வழி முழுக்க யோசித்து வந்ததெல்லாம் தொலைந்துபோயிற்று. இந்த ஆளைக் கழுத்தைப் பிடித்து உலுக்கலாம் என்றுதான் வந்தார். மாஸ்ரர் ஏற்கெனவே உலுக்கப்பட்ட ஆளாய் எதிரில் இருந்தார். அதுவும் ஒரு ஆறுதலாக இல்லை. உயிரோடு இருக்கிற மகனை நினைத்து நரைத்தவரும், இல்லாத மகளை நினைத்து நரைத்தவரும் ஒன்றல்ல.

"நான் எழுதினது பிழையெண்டு இப்பவும் நினைக்கேல்லை" என்றார் மாஸ்ரர் மெதுவாக. "சொல்லிலை ஒரு பொய்யும் இல்லை."

"இல்லை, மாஸ்ரர். பொய் இல்லை" என்று எழும்பினார் அருட்பிரகாசம். "பொய்யா இருந்திருந்தால் அவள் கண்டுபிடிச்சிருப்பாள்."

மீனாம்பிகை தேத்தண்ணி கொண்டு வந்தார். அருட்பிரகாசம் குடிக்கவில்லை. படலைவரை வந்த மாஸ்ரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் நின்று கேட்கவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசிக் கடைசியில் ராணுவம் நெருங்கிவிட்டது. எல்லாரும் உடனே வெளியேறுங்கள் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. வலிகாமச் சனம் முழுக்க ஒரே றோட்டில் இறங்கியது. மழை. அருட்பிரகாசமும் கத்தரீனாவும் நாவற்குழிப் பாலத்தைத் தாண்ட ஒரு இரவும் அடுத்த பகலில் பாதியும் போயிற்று. சைக்கிளில் ஒரு பாய், இரண்டு பானை, ஒரு பை அரிசி. யசிந்தாவை வைத்த இடம் பின்னால் போனது. கத்தரீனா ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தாள். பின்னால் வந்த சனம் தள்ள, நடந்தாள்.

கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் பத்துக் குடும்பத்தோடு இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் சமைத்த சாப்பாடு கொடுத்தார்கள். வரிசையில் இவர்களின் முறை வந்தபோது, "ரெண்டு பேர், தங்கச்சி. மனுசிக்கு உறைப்பு ஆகாது, சோறு மட்டும் போதும்" என்றார் அருட்பிரகாசம்.

அகப்பையோடு நின்ற பெட்டை சட்டென்று நிமிர்ந்தாள். "ஐயா, உங்கடை குரல்... நீங்கள் பாடுறனீங்களல்லோ? அந்த எழு தோழி..."

பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்லைப் பிள்ளை. அது வேறை ஆள்."

"அச்சொட்டா அதே குரல் ஐயா. நாங்கள் பள்ளிக்கூடத்திலை..."

"அது வேறை ஆள், பிள்ளை" என்றாள் கத்தரீனா. "இவருக்குப் பாட வராது." சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினாள். "ஒரு அகப்பை கூடப் போடும். காலமை துவக்கம் இவர் ஒண்டும் தின்னேல்லை."

பெட்டை இன்னொரு அகப்பை போட்டாள். இருவரும் மழைத் தூவானம் படாத ஒரு மூலை பார்த்து இருந்து, ஒரே கோப்பையில் சாப்பிட்டார்கள்.